ஒரு வீட்டுக்கு ஒரு வலைப்பை

ஆஸ்பத்திரி விரிப்புகளைத் துவைத்துத் தரும் அந்தச் சலவை ஆலையில் அவருக்குக் கறையண்ணன் என்று பேர். ரத்தம், மருந்து, மை எதுவானாலும் அவர் கைக்குத்தான் வரும். வயது ஐம்பதுக்குப் பக்கம். ஆலைக்குப் பின்தெருவில் ஒரு பஸ் டிரைவரோடு குடியிருந்தார். தெருவுக்கு அவர்கள் வாடகையைப் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு பிரம்மச்சாரிகள். கதவைச் சாத்தினால் அது ஒரு குடும்பம். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர் லீவு போடுவார்.

இந்த வருஷம் ஆலையில் பிரைட் கொண்டாடலாம் என்றார் மேனேஜர் மேடம். ஆணை விரும்பும் ஆணும், பெண்ணை விரும்பும் பெண்ணும், திருநரும் ஒளியாமல் தலைநிமிர்ந்து நிற்பதற்கான நாள். வாசலில் வானவில் கொடி, ஊழியர்களுக்கு கேக் என்பது அவர் திட்டம்.

இஸ்திரி அக்கா குறுக்கே புகுந்தாள். "கேக்கை நாமளே தின்னுட்டுக் கையைத் துடைச்சுக்கிட்டாப் போதுமா மேடம்? பின்தெருவுக்கு நாம கொடுக்கிறதெல்லாம் ஆவியும் சத்தமும்தான். அன்னிக்கு அவங்க போர்வையெல்லாம் சும்மா துவைச்சுக் கொடுப்போம். காயிற வரைக்கும் எங்கே போவாங்க? நம்மகூட உக்காந்து பேசித்தானே ஆகணும்."

மேடத்துக்குப் பிடித்துப்போனது. யாரையும் மேடையேற்றிப் பேசவைக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார். போர்வை வாங்கும் மேஜைக்குக் கறையண்ணனைப் போட்டார்கள். ஒரு வீட்டுத் துணி இன்னொரு வீட்டுத் துணியோடு கலக்காமல் இருக்க, வீட்டுக்கு ஒரு வலைப்பை.

அன்று காலை வீட்டில் தகராறு.

"அந்த ரெண்டு சிங்கிள் போர்வையையும் கொண்டு வா. ஆளுக்கொரு பையில போட்டுடுறேன்," என்றார் கறையண்ணன்.

"அது விருந்தாளி கண்ணுக்குக் காட்ட வாங்கினது. பீரோவை விட்டு வெளிய வந்ததே இல்ல. அழுக்கில்லாததை எதுக்குத் துவைக்கணும்?"

"தெருவே வரிசையில நிக்கும்டா. நாளைக்கும் நான் அங்கேதான் வேலை செய்யணும்."

டிரைவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

வரிசை பாதி நகர்ந்தபோது அவர் வந்து சேர்ந்தார். தோளில் அகலமான நீலப் போர்வை, ஒன்றே ஒன்று.

பின்னால் நின்ற பக்கத்து வீட்டுக்காரி சும்மா இருக்கவில்லை. "என்ன தம்பி, உங்களோடதை மட்டும் தூக்கிட்டு வந்துட்டீங்க? அண்ணனோடது எங்கே?"

'மறந்துட்டேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வரிசை நகர்ந்திருக்கும். டிரைவர் கறையண்ணனையே பார்த்தபடி நின்றார்.

கறையண்ணன் போர்வையை வாங்கி வலைப்பையில் போட்டார். "இதுதான்," என்றார். "நாங்க ஒரே குடும்பம்மா. ரெண்டு பேருக்கும் இந்த ஒண்ணுதான்."

மூலைவீட்டுக்காரர் தன் மூட்டையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். பக்கத்து வீட்டுக்காரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தம்பி, எங்க சித்தி பொண்ணுக்கு மாப்பிள்ளையா உங்களைக் கேட்டு நாயா அலைஞ்சேனே! அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

கோபம் நிஜம்தான். ஆனால் வரிசையை விட்டு அவள் போகவில்லை.

"டபுளா? பெரிய மெஷினுக்குத் தள்ளுங்கண்ணே, கூட்டம் நிக்குது," என்றாள் இஸ்திரி அக்கா.

மேஜை காலியானதும் கறையண்ணன் பெஞ்சில் டிரைவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"மூலைவீட்டுக்காரன் இனிமே என்கிட்ட பேச மாட்டான்."

"இதுவரைக்கும் என்னத்தைப் பேசிக் கிழிச்சான்?"

கறையண்ணன் சிரிக்கவில்லை. தள்ளி உட்காரவும் இல்லை.