நான்காவது ஓடை

என் மேசையின் கீழ் இழுப்பறையில் ஒரு வெள்ளை எனாமல் தட்டு கிடக்கிறது. ஒரு ஓரத்தில் எனாமல் பெயர்ந்து கறுத்துவிட்டது. எழுபதுகளில், பீர்மேட்டுப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், ஓடைக் கற்களைப் புரட்டி அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகளை இதில்தான் கழுவி எண்ணுவேன். அதை வெளியே எடுக்க எனக்கு மனம் வருவதில்லை. தூக்கிப் போடவும் முடியவில்லை.

பெருமாட்டி என்ற ஊரில் தென்னந்தோப்பு வைத்திருந்த வீட்டுப் பிள்ளை நான். முனைவர் பட்டம் முடித்த கையோடு இரண்டு வருட ஆராய்ச்சி ஒன்று கிடைத்து மலையேறியிருந்தேன். நான்கு சிற்றோடைகள் சேர்ந்து ஓர் ஆறாகின்றன. அவற்றில் விழும் இலை எவ்வளவு, இலையைத் தின்னும் பூச்சி எவ்வளவு, பூச்சியைத் தின்னும் மீன் எவ்வளவு என்பதையெல்லாம் சமன்பாடுகளாக எழுத வேண்டும். மேலே ஓடைகளின் நிலையைச் சொன்னால் கீழே ஆற்றின் நிலையை என் கணக்கு சொல்லிவிடும். சுவரில் வரைபடத்தாளை ஒட்டி ஓடைகளை நீலப் பென்சிலால் வரைந்திருந்தேன். அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்ததை நினைத்தால் இப்போது கூசுகிறது.

அங்கே தண்ணீர்க்காரர் ஒருவர் இருந்தார். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுபோகும் வாய்க்காலைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. காலைச் சங்கு ஊதுவதற்குள் வாய்க்கால் வாயில் அடைந்த இலைகளை அள்ளிக் கரையில் போட்டுவிடுவார். நானோ வலைப்பையில் இலையைக் கட்டி ஓடையில் போட்டு, அது மட்குவதை எடை பார்ப்பவன். “நான் அள்ளுறேன், நீங்க கொண்டாந்து போடுறீக” என்று சிரிப்பார். என் வயதுதான் அவருக்கும்.

மூன்று ஓடைகள் என் கணக்குக்குக் கட்டுப்பட்டன. லயங்களுக்குத் தண்ணீர் தந்த நான்காவது ஓடை முரண்டு பிடித்தது. தட்டில் பூச்சிகள் நெளிய வேண்டிய இடத்தில் வெறும் தண்ணீர் நின்றது.

“ஏனுங்க, எம்பட பையில இருந்த எலையவும் சேத்து அள்ளிப்போட்டீங்களா?” என்று கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன். ஆனால் முடிவு செய்துவிட்டுக் கேட்டேன்.

அவர் என் கையிலிருந்த தட்டை வாங்கினார். ஒரு கல்லைப் புரட்டி அதில் கழுவி என்னிடம் நீட்டினார். “எல அள்ளுறது நெசந்தேன்யா. ஒங்க பையத் தொடல. கல்லுக்கடியில இருக்க பூச்சிய நான் எங்க கொண்டுபோவேன்? ஒரு எட்டு மேல ஏறிப் பாருங்க. சனிக்கெழமையானா மருந்தடிக்கிற டிரம்மு எல்லாத்தையும் அங்கதேன் கழுவுறாக. தொரைகிட்டச் சொன்னதுல இருந்து நான் ஆகாதவன்.”

நான் ஏறவில்லை. என் வரைபடத்தில் அந்த ஓடை அதற்கு மேல் இல்லை. அட்டைக்கடி வேறு. நேரே தோட்ட மேலாளரான துரையிடம் போய், தண்ணீர்க்காரர் என் ஆராய்ச்சியைக் கெடுக்கிறார் என்று சொன்னேன். துரைக்கு வாய்ப்பாகப் போயிற்று. மறுநாளே அவரைப் புல்வெட்டுக்கு மாற்றினார். புதிதாக வந்தவர் டிரம்மைப் பற்றி வாய் திறக்கவில்லை. என் கட்டுரையில் ஒரு வரி எழுதினேன்: ‘ஆள் தலையீட்டினால் நான்காவது ஓடை விலக்கப்பட்டது.’ அந்த மனிதரைப் பற்றி நான் அச்சில் எழுதியது அவ்வளவுதான்.

அடுத்த வருடம் கல்லூரி வேலைக்கான உத்தரவு கைக்கு வந்தபின், விட்டுவந்த சாமான்களை எடுக்கப் போனேன். அந்தக் கோடையில் லயத்துப் பிள்ளைகள் பலருக்கு வாந்தியும் பேதியும் கண்டதாம். தண்ணீர்க்காரரின் இளைய மகள் பிழைக்கவில்லை. மருந்துதான் காரணமா என்று இன்றும் என்னால் சொல்ல முடியாது. தண்ணீரை யாரும் சோதிக்கவில்லை. அந்த ஓடையைச் சோதித்திருந்த ஒரே ஆள் நான், அதையும் கணக்கிலிருந்து அடித்துவிட்டிருந்தேன்.

அன்றுதான் மேலே ஏறினேன். கால் மணி நேர ஏற்றம். டிரம்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள், பாறையெல்லாம் மருந்தின் நீலப் பூச்சு. இறங்கி வந்து துரையிடமும் பேசவில்லை, கட்டுரையையும் திருத்தவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம். இதற்கு வேறு நல்ல பெயர் கிடையாது.

பஸ்ஸுக்கு நின்றபோது தண்ணீர்க்காரர் வந்தார். செய்தித்தாளில் சுற்றிய தட்டை நீட்டினார். “ஓடைக்கரையில கெடந்துச்சு. ஒங்க சாமானுய்யா.”

முப்பது வருடம் மாணவர்களுக்கு அந்த ஆற்றின் கணக்கைச் சொல்லிக்கொடுத்தேன். மூன்று ஓடைகள் என்றே சொன்னேன். தட்டு இன்னும் அந்தச் செய்தித்தாளுக்குள்தான் இருக்கிறது. அன்று ஓடையில் அவர் கல்லைக் கழுவி நீட்டியபோது அதில் ஒரு பூச்சிகூட இல்லை. அதைத்தான் நான் எழுதியிருக்க வேண்டும்.