கலுங்கில் உட்கார்ந்தவர் ஒருவர்தான்

ஊராரே, என் எழுத்து மேடும் பள்ளமுமாகப் போகும், பொறுத்துக்கொண்டு படியுங்கள். முதியோர் வகுப்பில் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகிறது. ஒரு வரி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிடுகிறது. இருந்தாலும் இதை நானே எழுதி டீக்கடைச் சுவரில் ஒட்டப்போகிறேன் என்பதில் அப்படி ஒரு சந்தோஷம்.

போன வெள்ளிக்கிழமை ஸ்லேட்டோடு உட்கார்ந்திருந்தேன். ஒச்சப்பன் மகள் வீட்டோடு போய் இருந்த வில்லாபுரத்திலிருந்து அவர் மருமகன் சைக்கிளில் வந்து இறங்கினார். "மாமா போயிட்டாருய்யா. அணையத் தொறக்கப் போறாங்கன்னு யாரோ சொல்லியிருக்காங்க. ஊருக்குப் போறேன்னு கெளம்புனவரு, பஸ் ஸ்டாப்புலயே சரிஞ்சுட்டாரு" என்றார்.

ஒச்சப்பன் பந்தியில்கூட நின்றுகொண்டே சாப்பிடுகிற மனிதர். கேட்டால், "உக்காந்தா தண்ணி நம்மளத் தாண்டிப் போயிரும் மாப்ள" என்பார்.

வைகைத் தண்ணீர் வருகிற வரிசையில் நம் கண்மாய் கடைசி. மேலே உள்ள ஒவ்வொரு கண்மாயும் நிறைந்து, மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற கலுங்கில் வழிந்தால்தான் அடுத்ததற்குத் தண்ணீர். வழியில் யாரும் மறிக்காமல் இருக்க, தண்ணீரோடு இரண்டு பேரை நடக்கவிடுவது நம் வழக்கம். மழை பொய்த்த அந்த வருடம் எங்கள் இருவரையும் அனுப்பினீர்கள். நெல் கதிர் வாங்குகிற நேரம். இன்னும் ஒரு வாரம் தாங்காது.

மூன்று நாள் கரை கரையாக நடந்தோம். ஒரு கண்மாய்க்கரையில் எழுத்து வெட்டிய பழைய கல் சாய்ந்து கிடந்தது. ஒச்சப்பன் அதன்மேல் துண்டைக் காயப்போட்டார். என்ன எழுதியிருந்ததோ, அன்று இருவருக்கும் தெரியாது.

நமக்கு முந்தின ஊரில் கிடா வெட்டியிருந்தார்கள். "வாங்கண்ணே, தண்ணி எங்க ஓடிப்போகுது?" என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். "நீ தின்னு மாப்ள, நான் வாரேன்" என்று ஒச்சப்பன் கலுங்குப் பக்கம் போனார். நான் மூன்று முறை கறி வாங்கினேன். புளியமரத்தடியில் தூங்கியும் போனேன்.

விழித்து ஓடியபோது வெயில் தணிந்திருந்தது. கலுங்கை உயர்த்திக்கட்ட அந்த ஊர்க்காரர்கள் மணல் மூட்டைகளோடு நின்றார்கள். அந்தக் கலுங்கின் வாய் ஓர் ஆள் அகலம்தான். அதில் ஒச்சப்பன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் அவர் இடுப்பை நனைத்து இரண்டு பக்கமும் வழிந்தது.

"எந்திரிங்க பெரிய மனுசா" என்றார் ஒருவர்.

"எம்புட்டு நாள் கழிச்சு உக்காந்திருக்கேன். எந்திரிக்கச் சொல்றீகளே" என்றார் ஒச்சப்பன்.

மூட்டை தூக்கி நின்றவரே சிரித்துவிட்டார். மூட்டைகள் கரையிலேயே கிடந்தன.

நம் கண்மாய் நிறைந்த அன்று கோயிலில் எங்கள் இருவருக்கும் பரிவட்டம் கட்டினீர்கள். "ரெண்டு பேரும் கலுங்குல உக்காந்தீகளாமே" என்று கேட்டீர்கள். நான் தலையாட்டினேன். "ரெண்டு பேருந்தான போனோம்" என்றார் ஒச்சப்பன்.

வெளியே வந்ததும், "ஏன் மாப்ள உண்மையச் சொல்லல?" என்றேன்.

"கறி நல்லா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அப்பச் சரி. நட."

அந்தப் பரிவட்டத் துணி என் பெட்டியில் கிடந்து, இத்தனை வருடம் என்னை நிம்மதியாக உட்காரவிடவில்லை. வாயால் சொல்ல வரவில்லை, எழுத்தில் வந்துவிட்டது. நாளை அதை அவர் மகளிடம் கொடுத்துவிடுவேன். அவருடையது என்று நான் வைத்துக்கொள்வது அந்த 'நட' ஒன்றுதான்.

அணையைத் திறந்துவிட்டார்களாம். தண்ணீரோடு நடக்க இரண்டு பேரைப் போட்டிருக்கிறீர்கள். மூன்றாவதாக நானும் போகிறேன். வழியில் யார் கூப்பிட்டாலும் சாப்பிட மாட்டேன். தண்ணீர் வந்த விவரத்தை அடுத்த வாரம் அதே கலுங்கில் உட்கார்ந்து எழுதி அனுப்புகிறேன். தாள் நனைந்திருந்தால் அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.