தம்பி படத்திறப்புக்கு நான் எழுதிய பேச்சு

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. அப்போது நான் மதுராந்தகம் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் தமிழ் வாத்தியார். வீடு, செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற வழியில் ஒரு கிராமத்தில். அம்மா, நான், தம்பி மூன்று பேர்தான்.

பள்ளிக்கூடம் போக மிச்ச நேரத்தில் எங்கள் பகுதிக் கட்சிக்காரர் ஒருவருக்கு மேடைப் பேச்சு எழுதிக் கொடுப்பேன். ஊரில் அவரைத் தலைவர் என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் கிடந்த எனக்கு வீட்டுக்கு அருகில் மாற்றல் வாங்கிக் கொடுத்தவர் அவர். அந்த நன்றிக்காக எழுத ஆரம்பித்தது, பிறகு விடவே இல்லை. அரசாங்க வாத்தியார் கட்சிக்காரருக்கு எழுதுகிறான் என்று வெளியே தெரிந்தால் என் வேலை போய்விடும். அதனால் என் பேர் எங்கேயும் வராது. அம்மாவுக்குக்கூடத் தெரியாது, சொன்னால் குழாயடி வரைக்கும் போய்விடும். எனக்கும் இதில் பெரிதாக மனக்குறை இருந்ததில்லை. நியாயமாகச் சொன்னால் அவருடைய குரல் அப்படிப்பட்டது. அதே வரியை நான் படித்தால் வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுப்பது மாதிரி இருக்கும்.

மனக்குறை எல்லாம் என் தம்பிக்குத்தான். அவன் மைக் செட் வைத்திருந்தான். தலைவர் கூட்டத்துக்கெல்லாம் அவன் செட்டுதான். நான் எழுதிய நல்ல வரி வரும்போது பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி வைப்பான். ஜனங்கள் கை தட்டினால் கூட்டத்தில் நான் எங்கே நிற்கிறேன் என்று தேடிப் பார்த்துச் சிரிப்பான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே பேச்சுதான்.

"எழுதறது நீ, மாலை மட்டும் அவருக்கா? இன்னா நியாயம் இது? ஒருநாள் இல்லன்னா ஒருநாள் நானே மைக்ல உன் பேர சொல்லப் போறேன், பாத்துக்கினே இரு" என்பான். வேலைக்கு உலை வைத்துவிடாதேடா என்று நான் திட்டுவேன். என் எழுத்துக்கு இருந்த ஒரே ரசிகன் அவன்தான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு ஐப்பசியில் மதுராந்தகத்தில் கூட்டம் முடிந்து அவன் மொபெட்டில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஏரிக்கரை மேல் வரும்போது மழை பிடித்துக்கொண்டது, ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை. எனக்கு மத்தியானத்திலிருந்தே காய்ச்சல், உடம்பு உதறியது. அவன் வண்டியை நிறுத்தினான். ஆம்ப்ளிஃபயர் பெட்டிமேல் சுற்றிக் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை அவிழ்த்து என் தலையில் போர்த்தினான். பெட்டி நனைகிறதே என்று கத்தினேன். "செட்டு போனா வேற வாங்கிக்கலாம்ணே, நீ குந்து" என்றான். அந்தப் பெட்டி அதோடு போய்விட்டது. அது இல்லாமல் அந்தத் திருவிழா சீசன் முழுக்க அவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அம்மா அப்போது கூடுவாஞ்சேரியில் சித்தி வீட்டில் இருந்தாள். காய்ச்சல் என்று தெரிந்தால் அழுதுகொண்டு ஓடி வருவாள் என்று அவளிடம் சொல்லவே இல்லை. பெட்டி தானாகவே பழுதாகிவிட்டது என்று சொல்லிவிட்டோம்.

அடுத்த வருஷம் கல்பாக்கத்தை அடுத்த ஒரு குப்பத்தில் அம்மன் திருவிழாவுக்கு செட் போடப் போனான். கடல் காற்றில் தூறல் அடித்துக்கொண்டிருந்ததாம். ஈர ஒயரில் கை வைத்தவன் எழுந்திருக்கவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

சாவுக்குத் தலைவர் வந்தார், தூக்கிக்கொண்டு போகும் வரை வெயிலில் நின்றார். பதினாறாம் நாள் படத்திறப்பு வைப்போம், நானே வந்து பேசுகிறேன் என்றார். எங்கள் பக்கத்தில் அது பெரிய மரியாதை. அம்மாவுக்கு அதில் ஒரு ஆறுதல். இரண்டு நாள் கழித்து என்னை வீட்டுக்கு வரச்சொன்னார்.

"வாத்தியாரே, இதையும் நீதான் எழுதணும். உன்ன வுட்டா அவனப் பத்தி யாருக்குத் தெரியும்?" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "பொதுவா இருந்தா நல்லாருக்காது. எனக்கும் அவனுக்கும் நடந்த மாதிரி ஒண்ணு வெச்சுடு. உங்கம்மா மனசு ஆறும்" என்றார்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. நானும் எழுத உட்கார்ந்தேன். எதை எதையோ எழுதி அடித்தேன். என் தம்பியின் குணத்தைச் சொல்ல அந்த ஏரிக்கரை மழையைவிட வேறு என்ன இருக்கிறது? கார் பழுதாகி மழையில் நின்ற தலைவருக்கு அவன் பெட்டித் தாளை அவிழ்த்துப் போர்த்தியதாக எழுதினேன். அவன் சொன்ன வார்த்தையில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. தலைவரையும் எல்லாரும் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள்.

வீட்டு வாசலில் பந்தல். நடுவில் நாற்காலியில் மாலை போட்டு அவன் படம். மைக் செட் வேறு யாருடையதோ, கீச்சென்று கத்திக்கொண்டே இருந்தது. தலைவர் பேச்சில் அந்த மழைக்கு வந்தபோது பந்தலே அழுதது. ஆம்பளைகள் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார்கள். நான் எழுதியதிலேயே நல்ல பேச்சு அதுதான். பழக்க தோஷத்தில் மைக் பெட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அங்கே யாரோ ஒருவர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

அம்மா தட்டுத்தடுமாறிப் போய்த் தலைவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "என் புள்ளைய நீதான் நைனா புரிஞ்சுகினு கீற" என்று தேம்பினாள். அவர் அம்மா தலைக்கு மேலாக என்னை ஒருமுறை பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைசியில் குடும்பத்தின் சார்பில் நன்றி சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்து நின்றேன். தம்பியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஏற்கெனவே பேசி முடிந்துவிட்டது. ஏரிக்கரையைச் சொன்னால் தலைவர் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறான் என்பார்கள். "வந்த எல்லாருக்கும் நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

பந்தலைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது அம்மா கேட்டாள். "அசலாரு, அவரே அவ்ளோ பேசினாரு. கூடப் பொறந்தவன், நீ ஒரு வார்த்த பேசலியேடா. ஊர்ப் பசங்களுக்கெல்லாம் பாடம் சொல்ற வாய்தானே?"

சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் தலைவர் தலையில் அந்தத் தாள் இருக்காது. அவளுக்குக் கிடைத்த ஒரே ஆறுதலையும் நானே பிடுங்கிக்கொண்ட மாதிரி ஆகிவிடும். நாற்காலிகளை எடுத்து அடுக்கினேன்.

அதற்குப் பிறகு தலைவருக்குக் கொஞ்ச நாள்தான் எழுதினேன். கண் வலி, தலைவலி என்று ஏதாவது சாக்குச் சொல்லிக் கழன்றுகொண்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டாயிரத்துக்கு அப்புறம் மாமல்லபுரத்தில் ஒரு தேர்தல் கூட்டம், பஸ்ஸுக்கு நின்ற இடத்திலிருந்து அவர் குரல் கேட்டது. தொண்டர்களின் பாசத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தவர் அந்த மழைக்கு வந்தார். நான் எழுதாத விஷயங்கள்கூடச் சேர்ந்திருந்தன, இடி, மின்னல், கார் டிரைவர் என்று. பாதியில் நிறுத்தி மூக்கை உறிஞ்சிவிட்டுத்தான் மேலே சொன்னார். நடிப்பு இல்லை. அவருக்கே அது நடந்ததாகத் தோன்றிவிட்டது போல. யாரிடம் போய்ச் சண்டை போட?

அம்மா கடைசியாகச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஊசி போட வருகிற நர்ஸ் பெண்ணிடம் தினமும் சின்ன மகன் கதைதான். ஒருநாள் மூச்சு வாங்கியதில் பாதியில் நின்றுவிட்டது. "நீ சொல்லேண்டா, மழையில அவருக்குப் போத்தினான் இல்ல" என்று என் பக்கம் திரும்பினாள். தம்பியைப் பற்றி நான் வாய் திறந்து பேச வேண்டும் என்று அத்தனை வருஷமாகக் காத்திருந்தவள். நான் சொன்னேன். தலைவர் கார் பழுதானதிலிருந்து எல்லாவற்றையும், நான் எழுதியிருந்த அதே வரிகளில் சொன்னேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடித்ததும் என் கையைத் தட்டிக் கொடுத்தாள். ரெண்டு நாளில் போய்விட்டாள்.

பேச்சு எழுதித் தருகிறவன் பேரை மேடையில் சொல்ல வேண்டுமா என்று யாராவது வாதம் பண்ணினால் நான் எழுந்து போய்விடுவேன். கைதட்டலை எல்லாம் தலைவரே வைத்துக்கொள்ளட்டும், மனதாரச் சொல்கிறேன். அன்றைக்கு ஏரிக்கரையில் அந்தத் தாளுக்குள் உட்கார்ந்து வந்தவன் நான்தான் என்று தெரிந்த ஒரே ஆள் என் தம்பி, அவனும் இல்லாமல் போனதுதான் இன்றைக்கும் மழை வந்தால் நெஞ்சை அடைக்கிறது.