கொசுவுக்குப் போட்ட சாம்பிராணி

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்தில் எனக்குக் கஞ்சாப் பழக்கம் இருந்தது. கூட்டாளிகள் அதை உடம்பு வலிக்கு மருந்து என்றார்கள். அம்மா தெரியாதது போல இருந்தாள். பக்கத்து வீட்டுக் கதீஜாக்கா மட்டும், "அந்த நாத்தத்தோட என் வாசப்படி ஏறாதே" என்று சொல்லிப் பேச்சையே நிறுத்திவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புகைத்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால், எனக்குப் பேசியிருந்த பெண்ணின் அப்பா திருவொற்றியூரிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிறார். என் சட்டையெல்லாம் வாடை. அப்போது கதீஜாக்கா சாம்பிராணிச் சட்டியோடு உள்ளே வந்தார். "கொசு பேஜாரா கீதுண்ணே" என்று அவரிடம் சொல்லிவிட்டு, என்னைச் சுற்றிச் சுற்றிப் புகை போட்டார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

அன்றே விட்டேன் என்றால் பொய். கல்யாணத்துக்குள் விட்டுவிட்டேன்.

பிறகு ஒருநாள் மனைவி சிரித்தாள். "மத்தியானத்துல ஏது கொசு? எங்க நைனாவுக்கு அப்பவே தெரியும். 'பக்கத்துல இப்டி ஒரு மனுஷி கீது, பையன் கெட்டுப்போக மாட்டான்'னுதான் என்னைக் குடுத்தாரு."

என் உழைப்பைப் பார்த்துப் பெண் கொடுத்தார் என்று அதுவரை நெஞ்சு நிமிர்த்தி நடந்தவன் நான்.

பழக்கத்தை விட்ட பிறகும் வெட்கத்தால் ஏறாமலிருந்த கதீஜாக்காவின் வாசற்படியில் அன்று போய் நின்றேன்.

"உள்ள வாடா" என்றார்.