கரி இழையின் வெளிச்சம்

தஞ்சாவூரில் ஒரு ஆய்வகத்தில் நான்கு வருஷம் நான் பார்த்த வேலை இதுதான்: கண்ணுக்குத் தெரியாத கரிக் குழாய்களால் ஆன ஒரு மெல்லிய இழையைக் காற்றில்லாத பெட்டிக்குள் வைத்து, மின்சாரம் பாய்ச்சி, வெளிச்சம் வருகிறதா என்று பார்ப்பது. வெறும் சூட்டினால் வரும் வெளிச்சம் எங்களுக்கு வேண்டாம். அதைப் பழைய குண்டு பல்பே கொடுத்துவிடும். மின்சாரம் நேராக ஒளியாக வேண்டும். சூடுதான் என்றால் வோல்டேஜைக் கூட்டக் கூட்ட நிறம் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு நகரும். நகராமல் நின்றால் எனக்கு டாக்டர் பட்டம்.

அந்த ஐப்பசியில் நிறம் நகராமல் நின்றது. எவ்வளவு வோல்டேஜ் கொடுத்தாலும் அசையவில்லை. ஓய்வு பெற ஏழு மாதமே இருந்த என் வழிகாட்டி லேப் முழுக்க அசோகா அல்வா வாங்கிக் கொடுத்தார். முப்பது வருஷத்தில் இப்படி ஒன்று தன் கைக்குச் சிக்கியதில்லை என்றார். கட்டுரையை அனுப்பினோம், ஏற்றுக்கொண்டார்கள். மயிலாடுதுறைப் பக்கம் சம்பா வயலில் நின்ற அப்பா, வரப்பிலிருந்தே போனில், "இனிமே டாக்டரம்மான்னுதான் கூப்பிடணும் போலருக்கு" என்றார்.

பொங்கல் லீவு முடிந்து வந்து பெட்டியைச் சுத்தம் செய்தேன். ஒளி வெளியே வரும் கண்ணாடியில் ஏதோ குங்குமச் சிவப்பாக மங்கியிருந்தது. அந்த அளவெடுப்புக்கு முன் வந்த ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவள் நான்தான். மறுநாள் துணியால் துடைத்ததோடு சரி. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன். நிறம் சமர்த்தாக மஞ்சளுக்கு நகர்ந்தது. இத்தனை நாள் அந்தக் கறை மஞ்சளை மறைத்துச் சிவப்பை மட்டும் விட்டிருக்கிறது. நாங்கள் கொண்டாடியது வெறும் சூடு.

வருத்தம்கூட வரவில்லை. வழிகாட்டியின் அறைக்குப் போய்ச் சொன்னேன்.

"உன்ன யாரும்மா தொடைக்கச் சொன்னா?"

அதட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கெஞ்சுகிற குரலில் கேட்டார்.

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை நானே டைப் செய்து கொண்டுபோனேன். படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

"உனக்கு வயசிருக்கும்மா, இன்னொண்ணு செஞ்சுக்குவ. எனக்கு இது ஒண்ணுதான் இருந்துச்சு."

"சரிங்க சார்" என்றேன். கடிதத்தை அன்றைக்கே அனுப்பினேன்.