கையில் இருந்த பெயர்

எங்கள் அத்தை தன் கணவனின் பெயரை வாயால் சொன்னதே இல்லை. சொன்னால் அவருக்கு ஆயுள் குறையும் என்று நம்பினாள். அந்த மனிதர் குடித்துவிட்டு வந்து அடித்ததில் இவளுடைய ஆயுள்தான் குறைந்துகொண்டிருந்தது. ரேஷன் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ வீட்டுக்காரர் பெயரைக் கேட்டால் பக்கத்தில் நிற்பவர்களைப் பார்ப்பாள். அவர்களும் சொல்லாவிட்டால் இடது கையை நீட்டிவிடுவாள். கல்யாணமான வருஷம் சித்திரைத் திருவிழாவுக்குக் கூட்டிவந்து, வைகை ஆற்றுக்குள் மெஷின் வைத்துப் பச்சை குத்துகிறவனிடம் உட்காரவைத்து, மாமாதான் தன் பெயரை அவள் முன்கையில் பெரிதாகக் குத்த வைத்திருந்தார். தன் கையில் அவர் ஒன்றும் குத்திக்கொள்ளவில்லை. ஊசி என்றால் பயமாம்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த விடுமுறையில், அத்தை எழுமலையிலிருந்து ஒரு துணிப்பையோடு அவனியாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இனி அந்த ஆளோடு வாழமாட்டேன் என்றாள். அப்பா சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு, "ஒரு வேலையத் தேடிக்க, இருந்துக்க" என்றார். வேலை கிடைக்காவிட்டால் திரும்பிப் போகவேண்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம். அத்தைக்கு அது நன்றாகப் புரிந்தது.

டவுனில் ஒரு நகைக்கடையில் வளையல் பிரிவுக்குப் பெண்கள் தேவை என்று போர்டு வைத்திருந்தார்கள். அம்மாவின் முழுக்கைச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு, என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, அத்தை ஷேர் ஆட்டோவில் போனாள். மேனேஜர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். சிரித்த முகம், கடைக்கு ஏற்ற முகம் என்றார்.

"டாட்டூ கீட்டூ ஏதும் இருக்காம்மா?" என்று கேட்டார்.

"ஐயே, அதெல்லாம் இல்ல சார்" என்றாள் அத்தை.

அவள் பொய் சொல்லவில்லை. டாட்டூ என்பது எங்கள் தெருவில் மாடு பிடிக்கிற பையன்கள் தோளில் தேளும் சிங்கமுமாகப் போட்டுக்கொள்வது. அவளிடம் இருந்தது பச்சை.

திங்கட்கிழமை வந்துவிடச் சொன்னார் மேனேஜர். அத்தை என் கையைப் பிடித்து அமுக்கினாள். அப்போது அவர் பேனாவைத் திறந்து, "வீட்டுக்காரர் பேரு?" என்றார்.

அத்தை என்னைப் பார்த்தாள். பெரியவர்கள் பெயரைச் சொன்னால் அம்மா வாயிலேயே போடுவாள், அதனால் நானும் பேசாமல் நின்றேன். அத்தை சுடிதார்க் கையைச் சுருட்டி மேலே ஏற்றிவிட்டு, வழக்கம்போல முன்கையை அவருக்கு நேரே நீட்டினாள்.

"பாத்து எழுதிக்கங்க சார்."

அவர் எழுதவில்லை. "என்னம்மா இது? இப்பத்தான இல்லன்னு சொன்னீங்க?"

"இது பச்சை சார்."

கஸ்டமர்கள் வளையலைப் பார்க்காமல் கையைப் பார்ப்பார்களாம். அவர் தலைக்கு மேலே விளம்பரப் படத்தில் ஒரு மணப்பெண் முழங்கை வரை மருதாணியோடு சிரித்துக்கொண்டிருந்தாள். அது அழிந்துவிடும் என்பதால் குற்றமில்லை போலிருக்கிறது. முழுக்கை ஜாக்கெட் போட்டுக்கொள்கிறேன் என்று அத்தை கெஞ்சினாள். யூனிபார்ம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்றார். கடைசியில் மனமிரங்கி, "இப்ப லேசர் வச்சு அழிக்கிறாங்கம்மா. அழிச்சிட்டு வாங்க, எடுத்துக்கிறேன்" என்றார். அத்தை அதையே வரமாக நினைத்துக் கும்பிட்டாள். அவளுக்கு வளையல் விற்க வருமா என்று அந்தக் கடையில் ஒருவரும் கேட்கவில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் அப்பா வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "புருசன் உசுரோட இருக்கையில பேர அழிப்பியா? நாளைக்கு நான் ஊருக்குள்ள தலகாட்ட வேணாமா?"

"அந்தப் பேர வச்சுக்கிட்டு அடியத் தவிர எனக்கு என்ன கெடச்சுச்சுண்ணே?" என்றாள் அத்தை. அவள் அப்பாவை எதிர்த்துப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

கடைக்காரருக்கு அந்தப் பெயர் இருக்கக் கூடாது, அப்பாவுக்கு அது போகக் கூடாது. கை யாருடையது என்ற பேச்சே எழவில்லை. அப்பா போன் போட்டார். மாமா மறுநாளே பழமும் பூவுமாக வந்து நின்றார். அத்தை பெயரை அழிக்கப் பார்த்ததையும், தான் தடுத்து நிறுத்தியதையும் அப்பாவே அவரிடம் பெருமையாகச் சொன்னார். மாமா சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். அத்தை அவர் பின்னால் போய் பஸ் ஏறினாள்.

பொங்கலுக்கு இருவரும் வந்தார்கள். அத்தையின் முன்கையில் பெயர் இல்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அம்மா பதறிப்போய்க் கேட்டதும், "வடை சுடையில எண்ணெய் தெறிச்சிருச்சுக்கா" என்று மாமா முந்திக்கொண்டு சொன்னார். "பாத்துச் செய்யக் கூடாதா?" என்று அப்பா அத்தையைத் திட்டினார்.

எனக்கு மட்டும் சந்தோஷம் தாங்கவில்லை. "அத்தே, பேரு போயிருச்சு! இனிமே அந்தக் கடையில ஒன்னயச் சேத்துக்குவாங்கல்ல?" என்று கத்தினேன். அத்தை எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள்.

எனக்குக் கல்யாணமாகி, நானும் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கத் தொடங்கிய பிறகுதான் ஒன்று தெரிந்தது. எண்ணெய் தெறித்தால் கையில் புள்ளி புள்ளியாகத்தான் படும். அப்படி மொத்தமாக வெந்துபோக வேண்டுமென்றால் யாராவது ஊற்றியிருக்க வேண்டும்.