முதலில் பின்கதவு

"இன்னா மேடம் இது, ஆம்புலன்ஸா?"

என் ஸ்டேஷன் வேகனைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் புதுச்சேரியில் இல்லை. கேட்கிறவர் பெரும்பாலும் சிக்னலில் எனக்குப் பக்கத்தில் ஒரு எஸ்.யூ.வி.யில், முதல் மாடி பால்கனியில் நிற்பவர் மாதிரி உட்கார்ந்திருப்பார். தனி ஆள். மலையேறுவதற்கென்று செய்த வண்டி அது. இந்த ஊரில் மலைக்கு எங்கே போவது? அரியாங்குப்பம் பாலத்தைத் தவிர ஏறுவதற்கு ஒரு மேடு கிடையாது. அவ்வளவு பெரிய வண்டியில் அவர் சுமந்துகொண்டு போவது ஒரு பரோட்டா பார்சல்.

ஆரம்பத்தில் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இது ஸ்டேஷன் வேகன் சார், முன்னால் கார், பின்னால் வேன் அளவுக்கு இடம், ஆனால் ஓட்டம் கார் ஓட்டம்தான், உயரம் குறைவு என்பதால் வளைவில் சாயாது என்று பாடம் நடத்துவேன். பாதிப் பாடத்திலேயே பச்சை விளக்கு விழும், அவர் போய்விடுவார். சிலர் அதற்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்பார்கள்: "வண்டி சாரோடதா?" சார் என்று எனக்கு யாரும் கிடையாது. ஐம்பது வயதில் கல்யாணம் ஆகாத ஒரு பொம்பளை தன் காசில் ஒரு வேகனும் ஒரு டர்போ செடானும் வைத்திருக்கிறாள் என்று சொன்னால், ஆம்புலன்ஸ் என்பதையே நம்பிவிட்டுப் போவார்கள்.

ஆமாம், இரண்டு வண்டிகள். செடானும் அதே கம்பெனி, அதே எஞ்சின், ஒரே வயிற்றில் பிறந்த அக்கா தங்கை. எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பம்ப் தயாரிக்கிற ஒரு யூனிட்டில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. அங்கே செடானில் போவேன். மூன்றாவது கியரில் அது மூச்சை இழுத்துக்கொண்டு கிளம்பும்போது கிடைக்கிற சுகத்தை விளக்கச் சொன்னால் எனக்குத் தெரியாது. வேகன் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போக. அதற்குள் ஈரக் குடையைக்கூட நான் அனுமதித்ததில்லை. பின்பக்கக் கார்ப்பெட்டை ஷாம்பூ போட்டுக் கழுவுவேன்.

இப்படி நிம்மதியாக இருந்த எனக்கு ஹோம்ஸ்டே என்று ஒரு வியாதி வந்து சேர்ந்தது. ஊர் முழுக்கப் பரவிய மஞ்சள் காமாலை அது. சுவருக்கு மஞ்சள் பெயிண்ட், ஓரத்துக்கு வெள்ளை, வாசலில் ஒரு காகிதப்பூச் செடி, பிரெஞ்சில் ஒரு போர்டு. போட்டோ எடுத்துக்கொண்டு போவதற்கென்றே ஒரு கூட்டம் வருகிறது. என் வீட்டு ஓனர் பிரான்சில் வேலை பார்த்து ரிட்டயராகி வந்தவர், பென்ஷனே எக்கச்சக்கம். அவருக்கும் ஆசை விடவில்லை. என் வண்டிகள் நிற்கும் பின்முற்றத்தில் இரண்டு ரூம் கட்டப்போவதாகச் சொன்னார். கல்யாணமாகாத என்னை அவர் பிரெஞ்சில்தான் கூப்பிடுவார்.

"மத்மசேல், இனிமே ஒரு வண்டிக்குத்தான் எடம். கோச்சுக்காதீங்க."

கோபித்துக்கொண்டேன். என்ன பிரயோசனம்? செடான் வேலைக்கு வேண்டும். வேகனை விற்பது என்று முடிவு செய்த அன்று சாப்பிடப் பிடிக்கவில்லை. எனக்கு ஒரே ஒரு கவலைதான். அது ஓடவேண்டும். யாரிடமோ போய் மூலையில் கிடந்து துருப்பிடித்துச் சாகக்கூடாது.

பார்க்க வந்த ஜென்மங்களைப் பற்றி என்ன சொல்ல? ஒருவர் மைலேஜ் கேட்டார். நான் சொன்னதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஒருவர் கூரையை வெட்டிவிட்டுக் கல்யாண ஊர்வலத்துக்கு விடலாமா என்றார். இன்னொருவர் பெண்டாட்டியோடு வந்தார். அந்த அம்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "சவ ஊர்தி மாதிரி இருக்குங்க" என்று புருஷன் காதில் சொன்னார், எனக்குக் கேட்கும்படியாகத்தான்.

எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் வீராம்பட்டினத்து அக்காவும் கேட்டார்.

"ஏம்மா, இத்த விக்கப் போறியாமே? எங்களுக்குக் குடேன். லோடு ஆட்டோக்காரன் ஆட்டம் தாங்கல, கூப்ட்டா வரமாட்றான். எம்பொண்ணு லைசென்சு எடுத்துட்டா. காலையில ஓட்டலுங்களுக்கு மீனு போட்டுட்டு, சாயந்தரம் புள்ளைங்கள ஏத்திக்கினு கோயிலுக்குப் போவலாம்."

"அக்கா, இது மீன் ஏத்தற வண்டி இல்ல."

"பின்ன இன்னா ஏத்தற வண்டி?"

"நாத்தம் புடிச்சா போவாதுக்கா" என்றேன்.

"அடியம்மா! வச்சிக் கும்புடு போ" என்று சொல்லிவிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். எனக்குக் கொஞ்சம்கூட வருத்தமில்லை. என் கார்ப்பெட்டில் வஞ்சிரமா?

அதற்குப் பிறகுதான் சென்னையிலிருந்து அவர் வந்தார். வண்டிப் பைத்தியம். என்னைப் போலவே. அவரிடமும் என் செடானுக்கு ஜோடியாக ஒன்று இருந்தது. பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கேட்டார். பிறகு என் சர்வீஸ் பில்களைப் புரட்டினார்.

"டைமிங் பெல்ட் மாத்தும்போது வாட்டர் பம்ப்பையும் சேர்த்து மாத்தியிருக்கீங்க. நெறைய பேர் அத விட்டுடுவாங்க. சூப்பர் மேடம்."

வண்டி வாங்கிய நாளிலிருந்து ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூட, அப்படி என்னிடம் சொன்னதில்லை. நான் அப்படியே உருகிவிட்டேன். காபி போட்டுக் கொடுத்தேன். நான் யாருக்கும் காபி போட்டுக் கொடுக்கிறவள் இல்லை. எஸ்.யூ.வி.க்காரர்களை இரண்டு பேரும் சேர்ந்து வாய் வலிக்கத் திட்டினோம். வண்டியை இவருக்குத்தான் கொடுப்பது என்று அங்கேயே சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் வாசலில் ஒரு லாரி. பழுதான வண்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டு போகுமே, அந்த மாதிரி. அவர் டிரைவரோடு பேசிக்கொண்டிருந்தார்.

"ஓடற வண்டிக்கு எதுக்கு சார் லாரி?"

"ஒரு சேஃப்டிக்கு மேடம்."

என் மரமண்டைக்கு அப்போதும் உறைக்கவில்லை. ஈ.சி.ஆர். தூசுகூடப் படக்கூடாது என்று நினைக்கிறாரே, என்ன பாசம் என்று பூரித்துப்போனேன். லாரிக்காரர் இரும்புக் கயிற்றின் கொக்கியை வேகனின் முன்பக்கத்தில் மாட்டினார். நான் உள்ளே போய், பின்பக்கச் சாமான்களை மூடும் திரையை எடுத்து வந்தேன். கிழிந்திருந்ததை நானே தைத்து, தனியாகச் சுருட்டி வைத்திருந்தேன்.

"இத மறந்துட்டேன் பாருங்க. வெயில்ல போடாதீங்க, சுருங்கிடும்."

"அது வேணாம் மேடம். நீங்களே வச்சுக்குங்க."

கையில் திரையோடு நின்றேன். அப்போதுதான் சுரீர் என்றது. இந்த மனுஷன் அன்றைக்கும் பின்கதவைத் திறக்கவில்லை, இன்றைக்கும் திறக்கவில்லை. வேகனை ஆசைப்பட்டு வாங்குகிறவன் முதலில் திறப்பது பின்கதவைத்தான். முந்தியை விரித்துப் பார்க்காமல் யாராவது பட்டுப்புடவை வாங்குவார்களா?

"சார், வண்டிய என்ன பண்ணப் போறீங்க?"

அவர் கூசவே இல்லை. சந்தோஷமாகவே சொன்னார்: "என் செடானுக்கு எஞ்சின் போயிடுச்சு மேடம். இத எறக்கி அதுல மாட்டப் போறேன். கியர்பாக்ஸும் நல்லா இருக்கு. இவ்ளோ நல்லா மெயின்டெய்ன் பண்ண டோனர் எங்கயும் கெடைக்காது."

"மிச்ச வண்டி?"

"பாடிதானே? இரும்புக்குப் போட்டுடலாம். உங்களுக்குப் புரியும் மேடம், நீங்களும் நம்ம ஆளுதானே."

டோனராம். ரத்ததானம் செய்தவன் வீட்டுக்குத் திரும்பி வருவான், வேகன் வருமா? மைலேஜ் கேட்டவன், கூரையை வெட்ட நினைத்தவன், சவ ஊர்தி என்ற அம்மாள் எல்லாரும் இவனுக்கு முன்னால் தெய்வங்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. இவனுக்கு எல்லாம் தெரியும், தெரிந்துதான் கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்திருக்கிறான். அதற்கு நான் காபி வேறு போட்டுக் கொடுத்திருக்கிறேன்!

"கொக்கியக் கழட்டுங்க" என்றேன் லாரிக்காரரிடம்.

"மேடம், பேசின பேச்சு..."

"வண்டி வாங்கறதா இருந்தா பேச்சு. கறி வெட்டறதா இருந்தா மார்க்கெட்டுக்குப் போங்க. கெளம்புங்க."

கத்தினேன் போலிருக்கிறது. ஓனர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். சென்னைக்காரர் என்னமோ ஆங்கிலத்தில் முணுமுணுத்துக்கொண்டே போனார். லாரி தெருமுனை திரும்பும்வரை நான் பின்கதவில் சாய்ந்துகொண்டு நின்றேன். அழுகை வந்தது, அழுதேன்.

மறுநாள் மீன்கார அக்கா வந்தார். என் முகத்தைப் பார்த்தே, வண்டி விலைபோகவில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பானெட் பக்கம் அவர் போகவே இல்லை. நேராகப் பின்னால் போய்க் கதவைத் தூக்கினார். தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். சீட்டை மடக்கச் சொன்னார், மடக்கினேன். கையோடு கொண்டுவந்திருந்த மீன் பெட்டியை உள்ளே தள்ளினார், அது கடைசிவரை வழுக்கிக்கொண்டு போனது. என் கார்ப்பெட்டில் ஐஸ் தண்ணீர் சொட்டியது.

"யம்மாடி! இன்னா எடம்!" என்றார். "இவ்ளோ எடத்த வச்சிக்கினு சும்மாவா ஓட்டிக்கினு இருந்த?"

எனக்குச் சுருக்கென்றது. அங்கேயே விலை பேசி முடித்து, சாவியோடு திரையையும் அவரிடமே கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்.

பிறகு ஒருநாள், வேலை முடிந்து வரும்போது சிக்னலில் வேகனைப் பார்த்தேன். பின்கண்ணாடி முழுக்க அம்மன் ஸ்டிக்கர், சிவப்பில், மகா கண்றாவி. பின்னால் காலிப் பெட்டிகள், அவற்றோடு இரண்டு குழந்தைகள். மகள் ஓட்டினாள், அக்கா பக்கத்தில். என் செடானை ஒட்டி நிறுத்தினார்கள். வாடை என் ஜன்னல்வரை வந்தது. அந்தப்பக்கம் ஒரு எஸ்.யூ.வி. கண்ணாடி இறங்கியது, நான் காத்திருந்தேன்.

"இன்னா இது, ஆம்புலன்ஸா?"

அக்கா தலையை வெளியே நீட்டினார்.

"ஆமா நைனா. வந்து படு, ஐஸ் போட்டு எட்த்துக்கினு போறேன்."

கண்ணாடி விருட்டென்று ஏறியது. பச்சை விழுந்தது. மகள் கியரை மாற்றி, என் செடானை முந்திக்கொண்டு போய்விட்டாள். அத்தனை வருஷம் பாடம் நடத்திய எனக்கு அந்தப் பதில் ஒருநாளும் வாயில் வந்ததில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் சிரித்து முடித்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.